தோட்ட வாரியமும் தொழிலாளர் உரிமையும்

சட்டம் ஒன்று மக்களை வந்தடையும் முன் மூன்று கைகளைக் கடக்கின்றது. வரைவோர் கை முதலாவது. ஆய்வோர் கை இரண்டாவது. நடத்துவோர் கை மூன்றாவது. வரைந்தோரையும் நடத்தினோரையும் வரலாறு நினைவில் வைத்திருக்கின்றது. இடையே நின்று, இச்சட்டம் யாரை வாழ்விக்கும், யாரை வருத்தும், இதனால் எவருடைய உரிமையேனும் குன்றுமோ என்று வினவிய ஆய்வுக் குழுவினரை அது எளிதில் மறந்துவிடுகின்றது. ஆயினும் ஒரு சட்டத்தின் இயல்பு பெரும்பாலும் அந்த இரண்டாவது கையிலேதான் உறுதிப்படுகின்றது. அக்குழுவில் யார் அமர்ந்தார், யார் அமரவில்லை என்பதைக் கொண்டே அச்சட்டம் யாருக்குப் பயன்பட்டது என்பதை ஒருவாறு கணித்துவிடலாம்.

இவ்வுண்மைக்குச் சான்று தேடிப் பெருநகரங்களுக்குச் செல்ல வேண்டுவதில்லை. மலேசிய நாட்டின் பகாங் மாநிலத்தில், மூடுபனி தவழும் கேமரன் மலையின் தேயிலைச் சரிவுகளே போதிய சான்றாகும். அங்கே கொழுந்து கிள்ளிய தமிழ் மக்களின் நாட்கூலி, குடியிருப்பு, பிள்ளைகளின் பள்ளி, பேறுகாலப் பணம் ஆகிய ஒவ்வொன்றையும் ஏதோ ஒரு குழு எங்கோ ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து முடிவு செய்தது. அம்மேசைகளின் வரலாறு தமிழர் அறியத்தக்க வரலாறாகும்.

உத்தரமேரூர் காட்டும் உண்மை

குழு அமைத்துப் பொதுக் காரியங்களை ஆய்தல் தமிழர்க்குப் புதிதன்று. முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் இதனை விரித்துரைக்கின்றன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அக்கல்வெட்டுக்களில் சம்வத்சர வாரியம், ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் முதலிய வாரியங்கள் கூறப்படுகின்றன. வாரியப் பெருமக்கள் குடவோலை முறையில் தெரிந்தெடுக்கப்பட்டனர். முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்கு உரியர் அல்லர் என விதி செய்யப்பட்டது. பொறுப்பேற்றவர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்னும் இக்கோட்பாடு, இன்றைய நாடாளுமன்றக் குழுக்களுக்கும் உயிர்நாடியானது.

இப்பெருமையைப் பேசும்போது மற்றொரு விதியை மறைத்தல் நேர்மையாகாது. வாரியத்திற்கு வரக்கூடியவர் குறைந்தது கால்வேலி இறைநிலம் உடையவராகவும், தம் மனையில் வீடு எடுத்துக்கொண்டு இருப்பவராகவும், வேதக் கல்வி உடையவராகவும் இருத்தல் வேண்டும் என்றும் அதே கல்வெட்டுக் கூறுகின்றது. ஆகவே தோட்ட வாரியத்தில் தோட்டம் உடையவருக்கு இடமிருந்தது. தோட்டத்தில் உழைத்தவருக்கு இடமிருக்கவில்லை. பத்தாம் நூற்றாண்டின் இக்குறை, இருபதாம் நூற்றாண்டில் கடல் கடந்த நாட்டில், வேறு உடை அணிந்து மீண்டும் தோன்றியது.

மலையும் மன்றமும்

1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் பகாங்–பேராக் எல்லைப் பகுதியில் இம்மலைநாட்டைக் கண்டறிந்து குறித்தார். அதன்பின் நெடுங்காலம் அது காடாகவே கிடந்தது. 1925-ஆம் ஆண்டில், அந்நாளில் தலைமைச் செயலராக விளங்கிய சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் அங்குச் சென்று பார்த்தபின், குளிர்வாசத்திற்கும் பயிர்த்தொழிலுக்கும் ஏற்ற இடமாக அதனை வளர்க்க அரசு முனைந்தது. 1929-ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். பேராக் மாநிலத்துத் தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதை 1930-களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. மலை பகாங்கிற்கு உரியது. அதற்கு ஏறும் வழியோ பேராக்கிற்கு உரியது. நிலம் ஓரிடத்திலும் வழி வேறோரிடத்திலும் இருந்தமைபோலவே, அம்மலையின் தொழிலாளரை ஆண்ட சட்டத்தின் ஊற்றும் மலைக்கு வெகு தொலைவில் இருந்தது.

பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மலாய் அரசுகளும் 1895-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் வழி ஒரு கூட்டரசாக இணைக்கப்பட்டன. 1909-ஆம் ஆண்டில் அக்கூட்டரசுக்கெனக் கூட்டரசு மன்றம் ஒன்று அமைந்தது. பிரிட்டிஷ் உயர் ஆணையர் தலைமை தாங்கினார்; சுல்தான்களும் ஆங்கில அதிகாரிகளும் உறுப்பினராயினர். அதிகாரிகள் அல்லாத உறுப்பினர் தொடக்கத்தில் நால்வரே. அவருள் மூவர் ஐரோப்பியர், ஒருவர் சீனர். அனைவரும் நியமனம் பெற்றவர். வாக்குப் பெற்று வந்தவர் ஒருவருமிலர். 1927-இல் மன்றம் திருத்தி அமைக்கப்பட்டபோது சுல்தான்கள் அதிலிருந்து விலகினர். இந்தியருள் ஒருவர் முதன்முதலாக அம்மன்றத்திற்கு நியமிக்கப்பட்டது 1928-இல்தான். கோலாலம்பூரில் வழக்கறிஞராயிருந்த வீரசாமி என்பாரே அவர்.

இம்மன்றத்தில் மசோதாக்கள் வாசிப்புக்களைக் கடந்தும், குழு நிலையில் ஆயப்பட்டும் சட்டமாயின. வடிவத்தால் அது லண்டன் நாடாளுமன்றத்தின் சிறு நிழலே. வாசிப்பு இருந்தது, விவாதம் இருந்தது, திருத்தமும் இருந்தது. தொழிலாளர் பற்றிய மசோதா வரும்போது தோட்ட முதலாளிமாரின் நலம் பேசுவோர் அங்கே இருந்தனர். தொழிலாளரால் அனுப்பப்பட்டு அவர் நலம் பேசுவோர் எவரும் இருக்கவில்லை. வழக்கில் ஒரு தரப்பினர் மட்டும் நீதிபதியின் அருகே அமர்ந்திருந்தால் தீர்ப்பு எவ்வாறு அமையுமோ, அவ்வாறே சட்டங்களும் பெரும்பாலும் அமைந்தன.

கூலியை வகுத்த குழு

மன்றத்தினும் தொழிலாளர் வாழ்வை நெருங்கித் தொட்டது மற்றொரு குழு. 1907-ஆம் ஆண்டில் தோன்றிய இந்தியர் குடியேற்றக் குழு அது. தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளரைக் கொண்டுவரும் செலவுக்கென ஒரு நிதி நிறுவப்பட்டது. ஒவ்வொரு முதலாளியும் தம்மிடம் வேலை செய்த இந்தியத் தொழிலாளரின் வேலைநாட் கணக்குப்படி அந்நிதிக்குப் பணம் செலுத்தினார். கப்பற் கூலி முதலியன அதிலிருந்து வழங்கப்பட்டன. அரசு அதிகாரிகளும் தோட்டத்துறையினருமே அக்குழுவில் மேலோங்கி இருந்தனர். ஆள் தருவிக்கும் வேலைக்காகப் பிறந்த அக்குழுவின் கையிலேயே பின்னர் நிர்ணயக் கூலியை வகுக்கும் அதிகாரமும் சேர்ந்தது. கூலி கொடுப்போர் வீற்றிருந்த குழுவே கூலி இவ்வளவு என்று வகுத்தது.

1920-களின் இறுதியில் அக்குழு நிர்ணயக் கூலியை இருவகையாக வகுத்தது. போக்குவரத்து எளிதான இடங்களில் ஆண்களுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்களுக்கு 40 காசு. பகாங்கின் உட்பகுதிபோல் பண்டங்களின் விலை ஏறிய இடங்களில் ஆண்களுக்கு 58 காசு, பெண்களுக்கு 46 காசு. இவ்வேறுபாட்டில் ஒரு நியாயம் உண்டு. அரிசி மூட்டை மலைநாட்டை எட்டுவதற்குள் அதன் விலையும் ஏறிவிடும் என்பதைக் குழு உணர்ந்திருந்தது. ஆனால் பெண்களுக்கு ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கே என்னும் வகுப்பில் எந்நியாயமும் இல்லை. அரிசி விலை ஆணுக்கொன்று பெண்ணுக்கொன்று அன்று. கொழுந்து பறிப்பில் பெண்களின் விரல்களே முந்துவன என்பதைத் தேயிலை மலையை அறிந்தோர் அனைவரும் அறிவர். அக்குழுவின் மேசையில் ஒரு பெண் தொழிலாளியேனும் அமர்ந்திருந்தால் இக்கணக்கு வேறாயிருத்தல் கூடும்.

டில்லியிலிருந்து வந்த ஆய்வு

உள்நாட்டு மன்றத்தில் குரல் இல்லாத தொழிலாளர்க்கு, வேறொரு நாட்டுச் சட்டசபையிலிருந்து ஓரளவு பாதுகாப்புக் கிடைத்தது வரலாற்றின் விந்தை. 1922-ஆம் ஆண்டில் இந்திய மத்திய சட்டசபை இந்தியர் வெளியேற்றச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி உடலுழைப்பு வேலைக்காக இந்தியர் வேறு நாடு செல்லுதல், அரசாங்க அறிவிக்கையில் குறித்த நாடுகளுக்கும் குறித்த நிபந்தனைகளுக்கும் மட்டுமே உட்பட்டது. அவ்வறிவிக்கையையும் சட்டசபையின் இரு அவைகளும் முன்னதாக ஏற்றுக்கொண்டிருத்தல் வேண்டும். இத்துறையைக் கவனிக்கச் சட்டசபை உறுப்பினர் அடங்கிய நிலைக்குழுவும் இயங்கியது. மலாயாவுக்கு ஆள் வேண்டுமாயின் மலாயாவின் தொழிலாளர் சட்டம் தகுதியுடையதாக இருத்தல் வேண்டும் என்ற நிலை இவ்வாறு உருவாயிற்று.

அதன் பயன் விரைவில் தெரிந்தது. ஒப்பந்தக் கூலிமுறை 1910-இலேயே நிறுத்தப்பட்டிருந்தது. வேலையை விட்டு நீங்கும் தொழிலாளியைக் குற்றவாளியாக்கிச் சிறைக்கு அனுப்பும் தண்டனை விதிகள் 1920-களின் தொடக்கத்தில் ஒழிந்தன. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு பேறுகால உதவிக்கும், தோட்டப் பள்ளிக்கும், நிர்ணயக் கூலிக்கும் இடம் தந்தது. இந்திய அரசின் ஏஜெண்டு ஒருவர் மலாயாவில் தங்கித் தோட்டங்களைப் பார்வையிட்டு ஆண்டறிக்கை எழுதும் வழக்கமும் ஏற்பட்டது. உள்ளூர் மன்றம் செய்யாத ஆய்வினை வெளியூர்ச் சட்டசபையின் குழு செய்தது எனலாம்.

ஆனால் வெளியிலிருந்து வரும் ஆய்வுக்கு ஓர் எல்லை உண்டு. அதன் கையில் இருந்த கருவி ஒன்றே: ஆள் அனுப்ப மறுத்தல். ஆள் தேவைப்படும் காலத்தில் அது கூர்மையான கருவி. ஆள் தேவைப்படாத காலத்திலோ அது மழுங்கிய கருவி. இவ்வுண்மையை 1930-ஆம் ஆண்டு வெளிப்படுத்தியது.

சோதனைக் காலம்

உலகெங்கும் பொருளாதார மந்தம் பரவியது. ரப்பர் விலை வீழ்ந்தது. தோட்டங்கள் ஆட்குறைப்புச் செய்தன. 1930-இல் நிர்ணயக் கூலி 50 காசிலிருந்து 40 காசுக்கும், பெண்களுக்கு 40-லிருந்து 32-க்கும் இறக்கப்பட்டது. பகாங் உட்பகுதியில் 58 காசு 47 ஆகவும், 46 காசு 37 ஆகவும் குறைந்தன. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஒரே வெட்டில் போயிற்று. அதற்குமேலும் பல தோட்டங்களில் கூலி இறங்கிக்கொண்டே சென்றது. பல்லாயிரக்கணக்கான தமிழர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். ஆள் மிகுந்து கிடந்த அந்நாளில், 'ஆள் அனுப்பமாட்டோம்' என்னும் இந்தியாவின் சொல்லுக்கு யாரும் அஞ்சவில்லை. கேமரன் மலையில் தேயிலைச் செடிகள் வேர்பிடித்த காலம் இதுவே. அம்மலையின் முதல் தலைமுறைத் தொழிலாளர் இந்த வெட்டுப்பட்ட கூலிக் காலத்தில்தான் வேலைக்கு வந்தனர்.

விலை மீண்டபோது கூலி அதே வேகத்தில் மீளவில்லை. இந்நிலையை ஆராய இந்திய அரசு வி. எஸ். சீனிவாச சாஸ்திரியாரை அனுப்பியது. 1936-ஆம் ஆண்டு இறுதியிலும் 1937-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலும் அவர் மலாயாவில் சுற்றி அறிக்கை தந்தார். கூலியைப் பழைய 50, 40 காசுக்கு உயர்த்த வேண்டும் என்றார். கங்காணி வழி ஆள் திரட்டுதலுக்கு இனித் தேவையில்லை என்றும் கருதினார். எனினும் நிலைமையை அவர் மென்மையாகவே சித்தரித்தார் என மலாயா இந்தியருள் பலர் குறைகூறினர். 1936-இல் தோன்றிய மலாயா மத்திய இந்தியர் சங்கம் மேலும் உறுதியான நடவடிக்கையை நாடி நின்றது. கூலி 50 காசை எட்டியது. ஆனால் 1938 மே மாதத்தில் மீண்டும் 45 காசாக இறக்கப்பட்டது. 1938 ஜூன் 15-ஆம் நாள் இந்திய அரசு, உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தை அடியோடு தடைசெய்தது. இறுதிக் கருவி பயன்படுத்தப்பட்டுவிட்டது. அதன்பின் டில்லியின் கையில் மிரட்டுதற்கு ஒன்றும் எஞ்சவில்லை.

எஞ்சியது தொழிலாளரின் சொந்தக் குரல். 1941-இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது. ஆர். எச். நாதன் என்னும் தலைவர் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, உயிர்கள் மாண்டன. குழுவின் மேசையில் பேச இடமில்லாதார் சாலையில் நின்று பேசினர். சாலையில் பேசுவோர்க்கு விடை துப்பாக்கியால் வந்தது.

பள்ளி ஒன்று கூறும் பாடம்

ஆய்வு வெறும் காகிதத்தோடு நின்றால் என்ன நேரும் என்பதற்குத் தோட்டப் பள்ளிகளே சான்று. ஒரே இனத்தைச் சேர்ந்த, ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப்பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் எனச் சட்டம் விதித்தது. படிக்கும்போது இது சிறந்த சட்டமே. ஆனால் கற்பிப்பவர் எத்தகுதி உடையவர், கட்டடம் எத்தகையது, பிள்ளைகளைப் பள்ளி நேரத்தில் வேலைக்கு இழுக்கலாகாது என்பதை யார் காப்பது என்பன போதிய அளவு ஆயப்படவில்லை. ஆகவே பல தோட்டங்களில் கிராணியோ கங்காணியோ மருந்துக்கடைப் பணியாளரோ ஓய்வு நேரத்தில் ஆசிரியராயினர். கொட்டகை பள்ளியாயிற்று. சட்டம் நிறைவேறியதாகக் கணக்குக் காட்டப்பட்டது.

இருப்பினும் அக்கொட்டகைகளிலேதான் மலாயாவில் தமிழ் வேர்பிடித்தது என்பதை மறத்தலாகாது. குறைபட்ட சட்டத்தின் நிழலில், குறைந்த ஊதியத்தில், அகரம் கற்பித்த அவ்வாசிரியர்களின் உழைப்பே இன்றைய தமிழ்ப்பள்ளிகளின் அடித்தளம். சட்டத்தை இயற்றியோர் ஒரு பள்ளியை மட்டுமே எண்ணினர். ஆசிரியர்களோ ஒரு மொழியின் வாழ்வைக் காத்தனர். அவர்களை அழைத்து ஒரு குழுவேனும் கருத்துக் கேட்டிருந்தால் இரு தலைமுறைப் பிள்ளைகளின் கல்வி மேம்பட்டிருக்கும்.

அருகில் வந்த அதிகாரம்

1930-களில் கூட்டரசின் அதிகாரத்தை மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் கொள்கை மேற்கொள்ளப்பட்டது. உயர் ஆணையர் சர் செசில் கிளெமெந்தி அதனை வற்புறுத்தினார். சில துறைகள் மாநில மன்றங்களின் பொறுப்பாயின. அதிகாரம் தலைநகரைவிட்டு மக்களுக்கு அருகில் வருவது நன்றே என எண்ணுதல் இயல்பு. ஆனால் மாநில மன்றங்களிலும் தோட்டத் தொழிலாளர் வாக்களித்து அனுப்பிய உறுப்பினர் ஒருவருமிலர். அதிகாரம் இடத்தால் அருகில் வந்தது. உரிமையால் அருகில் வரவில்லை. பகிர்ந்தளிக்கப்படும் அதிகாரத்தை ஆய்ந்து கண்காணிக்கும் குழுக்களும், அக்குழுக்களை அடைய மக்களுக்கு வழியும் இல்லையேல், அதிகாரப் பகிர்வு ஆள்வோர்க்குள் நடக்கும் பாகப்பிரிவினையாகவே முடியும்.

போருக்குப் பின் நிலை மாறத் தொடங்கியது. 1948-இல் மலாயாக் கூட்டரசு அமைந்தது. 1954-இல் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாயின, பி. பி. நாராயணன் அதன் தலைமைப் பொறுப்பேற்றார். 1955-இல் நடந்த முதற் பொதுத்தேர்தலில் 98 உறுப்பினர் கொண்ட சட்டமன்றத்தில் 52 பேர் வாக்கினால் வந்தனர். வீ. தி. சம்பந்தன் தொழில் அமைச்சரானார். அதே ஆண்டில் வேலைச் சட்டம் இயற்றப்பட்டு 1957-இல் நடைமுறைக்கு வந்தது. 1957-ஆம் ஆண்டு அரசியலமைப்பு கட்டாய உழைப்பைத் தடைசெய்து, சங்கம் அமைக்கும் உரிமையையும் வகுத்தது. முன்னர் ஒரு குழு இரங்கி வழங்கியது, இனி உரிமையாயிற்று.

எனினும் உரிமை குடியுரிமையோடு பிணைந்திருந்தது. 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதார்க்கு வேலை அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கியது. தோட்டங்களில் பிறர்க்குச் செல்வம் ஈட்டித் தந்து முதிர்ந்த தமிழருள் பல்லாயிரவர் அச்சீட்டின்றி இந்தியாவுக்குத் திரும்ப நேர்ந்தது. வாக்குரிமை இல்லாதாரின் வாழ்வைப் பற்றிய சட்டத்தை ஆயும்போது அவர்க்காக யார் பேசுவர் என்னும் பழைய வினா, விடுதலை பெற்ற நாட்டிலும் மீண்டும் எழுந்தது.

மலேசிய அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி தொழிலாளர் நலம் கூட்டரசின் துறை. நிலமோ மாநிலத்தின் துறை. ஆகவே கேமரன் மலையில் தேயிலைச் செடி நிற்கும் மண்ணைப் பற்றிப் பகாங் சட்டமன்றம் முடிவு செய்யும். அதே செடியில் கொழுந்து பறிப்பவரின் கூலியைக் கோலாலம்பூர் முடிவு செய்யும். செடிக்கும் கைக்கும் இடையே இரு சட்டமன்றங்கள் உள்ளன. ஒன்றை மட்டும் கண்காணிப்பது பாதிக் கண்காணிப்பேயாகும்.

ஒப்புநோக்கத்தக்க ஒரு மன்றம்

அதிகாரப் பகிர்வையும் குழு ஆய்வையும் இணைத்து அமைத்ததற்கு ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் எடுத்துக்காட்டாகும். லண்டன் நாடாளுமன்றம் 1998-இல் இயற்றிய சட்டத்தால் அது 1999-இல் இயங்கத் தொடங்கியது. அதற்கு மேலவை இல்லை. மேலவை செய்யும் மறு ஆய்வைக் குழுக்களே செய்தாக வேண்டும். பொதுவாக ஒரு மசோதா வந்ததும் முதற்கட்டத்தில் அதற்குரிய குழு அதன் அடிப்படைக் கொள்கையை ஆய்ந்து, அதனால் தாக்குறும் மக்களையும் அமைப்புக்களையும் அழைத்துச் சான்று கேட்கின்றது. இரண்டாங்கட்டத்தில் திருத்தங்களை ஆய்கின்றது. மூன்றாங்கட்டத்தில் மன்றம் முழுதும் கூடி இறுதி முடிவு செய்கின்றது. சட்டத்தின்கீழ் அமைச்சர்கள் பிறப்பிக்கும் விதிகளை ஆய்வதற்கு ஒரு குழுவும், மனித உரிமைகளைக் கவனிப்பதற்கு ஒரு குழுவும் உண்டு. ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்திற்கு மாறான சட்டம் அம்மன்றத்தில் நிறைவேறினும் சட்டமாகாது என மூலச் சட்டமே விதித்துள்ளது.

அம்முறையும் குறையற்றதன்று. குழந்தைகள் உரிமை பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையைத் தன் சட்டமாக்க அம்மன்றம் 2021 மார்ச்சில் ஒருமனதாக ஒரு மசோதாவை நிறைவேற்றியது. அதன் சில பிரிவுகள் அம்மன்றத்தின் அதிகாரத்தைக் கடந்தவை என அதே ஆண்டு அக்டோபரில் பிரிட்டனின் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 டிசம்பரில் திருத்தி மீண்டும் நிறைவேற்றப்பட்டு, 2024 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. நல்ல நோக்கமும் ஒருமித்த வாக்கும் மட்டும் போதா. எந்த அதிகாரம் யாரிடம் உள்ளது என்னும் நுண்ணிய ஆய்வும் வேண்டும் என்பதே இதன் பாடம். இருப்பினும் ஒரு சிறப்பைக் கருதுக. தாக்குறுவோரை அழைத்துக் கேட்பது அங்கே அருளன்று, நடைமுறை.

இன்றைய மேசைகள்

மலேசிய நாடாளுமன்றத்தில் மசோதாவைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்பும் வழி விதிகளில் இருந்தபோதிலும் அது அரிதாகவே பின்பற்றப்பட்டது. 2004-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத் திருத்த மசோதாக்கள் ஒரு தெரிவுக் குழுவிடம் சென்றன; அக்குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. 2018-க்குப் பின் துறைதோறும் சிறப்புத் தெரிவுக் குழுக்கள் அமைக்கும் முயற்சி வலுப்பெற்றது. மனித உரிமையும் அக்குழுக்களின் பொருள்களுள் ஒன்றாயிற்று. 2022-இல் புகையிலைக் கட்டுப்பாட்டு மசோதா ஒரு தெரிவுக் குழுவால் ஆயப்பட்டது. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மனித உரிமை ஆணையத்தின் ஆண்டறிக்கை, 2019 டிசம்பரில்தான் முதன்முறையாக மக்களவையில் விவாதத்திற்கு வந்தது. அறிக்கை எழுதுவது ஒன்று. அதனை எடுத்து அமைச்சரை வினவுவது மற்றொன்று. இரண்டிற்கும் இடையே இருபதாண்டுகள் கழிந்தன.

கூலியை வகுக்கும் மேசையும் மாறியுள்ளது. 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசியச் சம்பள ஆலோசனை மன்றம் தோன்றியது. அதில் அரசு, முதலாளி, தொழிலாளி ஆகிய முத்தரப்பும் அமர்கின்றன. அதன் பரிந்துரையின் வழி 2013 ஜனவரியில் தீபகற்ப மலேசியாவுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 900 வெள்ளியாயிற்று. 2022 மே மாதத்தில் 1,500 வெள்ளியாகவும், 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாகவும் உயர்ந்தது. ஆணுக்கொரு கணக்கு, பெண்ணுக்கொரு கணக்கு என்பது அதில் இல்லை. 1907-ஆம் ஆண்டுக் குழுவுக்கும் இம்மன்றத்திற்கும் உள்ள வேறுபாடு ஒரு நாற்காலியே: தொழிலாளியின் பிரதிநிதி அமரும் நாற்காலி. அந்நாற்காலியை மேசைக்குக் கொண்டுவர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

கேமரன் மலைத் தொகுதிக்கும் இவ்வரலாற்றில் ஒரு சிறப்புண்டு. 2019 ஜனவரி இடைத்தேர்தலில் அத்தொகுதி, ஒராங் அஸ்லி என்னும் பழங்குடி மக்களுள் ஒருவரான ரம்லி முகமட் நோரை மக்களவைக்கு அனுப்பியது. அம்மக்களிலிருந்து தேர்தலில் வென்று மக்களவை புகுந்த முதல்வர் அவரே. 2022 டிசம்பரில் அவர் துணைச் சபாநாயகராகவும் ஆனார். தேயிலைக்கு முன்னரே அம்மலையில் வாழ்ந்த மக்களின் மகன், சட்டம் ஆயும் அவையின் தலைமை இருக்கையில் அமர்ந்தது சிறிய செய்தியன்று.

மறுபுறம், இன்று அச்சரிவுகளில் கொழுந்து பறிக்கும் கைகளுள் பல வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவை. அவர்களுக்கு அங்கே வாக்கு இல்லை. அவர்களால் அனுப்பப்பட்ட உறுப்பினரும் இல்லை. 1930-இல் தமிழர் நின்ற இடத்திலேயே இன்று அவர்கள் நிற்கின்றனர். 1990-ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டமும், 2019-இல் அதற்கு வந்த திருத்தமும், 2022-இல் வேலைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட கட்டாய உழைப்புத் தடைப் பிரிவும் அவர்களுக்கும் காவலாகும். ஆனால் காவல் உண்மையில் காக்கின்றதா என்று வினவ, குழுக்கள் அவர்களையும் அழைத்துக் கேட்டல் வேண்டும். பட்ட வடு ஆறாத தமிழ்ச் சமுதாயம் இதனைப் பிறரினும் நன்கு உணரக் கடமைப்பட்டது.

உத்தரமேரூரின் வாரியம் கணக்குக் காட்டாதவரை விலக்கியது. அது அதன் பெருமை. உழைப்பவரையும் விலக்கியது, அது அதன் குறை. ஆயிரம் ஆண்டுகட்குப் பின்னும் சட்டம் ஆயும் எக்குழுவையும் அளத்தற்கு அவ்விரண்டு கோல்களே போதும்: குழுவினர் கணக்குக் காட்டுகின்றனரா? சட்டத்தின் சுமையைத் தோளில் தாங்குவோர் அக்குழுவின் முன் வாய்திறக்க வழியுண்டா? இவ்விரண்டிற்கும் 'ஆம்' என்னும் விடை கிடைக்கும் நாளில்தான் தோட்ட வாரியம் தோட்டத்தார் அனைவர்க்கும் உரியதாகும்.